கைப்பிரேக்

விடிவதற்கு முன்பே சரிவு நிறைந்துவிட்டது. ரயில் நிலையத்தின் அடித்தளத்திலிருந்து வாசல் வரைக்கும் மேலேறிப் போகிற சிமெண்டுப் பாதை அது. ஒரு வண்டி போகிற அகலம்தான், இரண்டு பக்கமும் கரி படிந்த சுவர். அதில் ஒன்றின் பின்னால் ஒன்றாக வெள்ளை டாக்சிகள் நின்றுகொண்டிருந்தன. நின்றுகொண்டிருந்தன என்று சொல்வது தப்பு. நிற்பதற்கு அங்கே அனுமதி கிடையாது. ஒவ்வொரு வண்டியும் ஒரு சாண் ஏறியது, ஒரு சாண் இறங்கியது, மறுபடியும் ஒரு சாண் ஏறியது. டிரைவர்கள் இதற்கு ஊஞ்சல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பெயரைக் கேட்டு யாரும் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். முன்பெல்லாம் சவாரிக்குக் காத்திருக்கிற நேரத்துக்கும் டிரைவர்களுக்கு ஏதோ கொஞ்சம் கூலி உண்டு. தூங்குகிறவனுக்கு எதற்குக் கூலி என்று முதலாளி அதை நிறுத்தினார். நிறுத்தின பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருக்கிற போனில் வண்டிக்கு ஒரு புள்ளி என்று கொண்டுவந்தார். வண்டி அசைந்தால் புள்ளி பச்சை. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் மஞ்சள். மஞ்சள் என்றால் டிரைவர் ஓய்வெடுக்கிறான் என்று அர்த்தம். ஓய்வெடுக்கிறவனுக்கு வரிசையில் இடம் போய்விடும். வாசல் வரைக்கும் ஏறிப் போய், சவாரி இல்லாமல் வெளியே வந்து, தெருவெல்லாம் சுற்றி மறுபடியும் அடித்தளத்துக்கே வந்து வாலில் சேர வேண்டும். ஒருமுறை ஒரு டிரைவர், வண்டி கருகுகிறதே என்று பாவப்பட்டுக் கைப்பிரேக்கை இழுத்துவிட்டார். அன்று முழுக்க அவருக்கு ஒரு சவாரி கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் பாவப்படவில்லை.

வண்டிகளோ கிளச்சை மிதிக்க வேண்டாத வண்டிகள். கிளச்சே இல்லாத வண்டி என்றுதான் முதலாளி வாங்கி வந்தபோது சொன்னார். சுத்தப் பொய். கிளச்சும் இருந்தது, கியரும் இருந்தது, எல்லாம் பழைய வண்டியில் இருக்கிற மாதிரியே உள்ளே இருந்தன. மிதிக்கிற உரிமைதான் டிரைவர் காலிலிருந்து பிடுங்கப்பட்டு ஒரு சின்ன மோட்டார் கைக்குப் போயிருந்தது. சமதரையில் அது ஒழுங்காகத்தான் வேலை பார்க்கும். சரிவில் பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்தால் மட்டும் உள்ளே பிளேட் தேய்ந்து தேய்ந்து கொதித்துப்போகும். ஊஞ்சலில் வேறென்ன செய்வது? காலை முழுக்கத் தாங்கிப் பிடிக்கிறதுதான் வேலை.

வரிசையின் நடுவில் இருந்த வண்டியின் டிரைவரை எல்லாரும் இடதுகால் என்று கூப்பிடுவார்கள். இருபது வருஷம் பழைய வண்டி ஓட்டிய மனிதன். இந்த வண்டிக்கு வந்த புதிதில், சிக்னலைப் பார்த்ததும் இடது கால் பழக்கதோஷத்தில் கிளச்சைத் தேடிப் போய், அங்கே அகலமாக விரிந்து கிடந்த பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டது. வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. பின்சீட்டில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பெரியவரின் பல்செட்டு கழன்று முன்சீட்டுக்கு வந்து விழுந்தது. அந்தக் கதை மாலைக்குள் எல்லா வண்டிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, பெயரும் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அவன் இடது காலை மடக்கி சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்துக்கொள்வான். விஷமம் செய்கிற பிள்ளையை மூலையில் உட்கார வைக்கிற மாதிரி. சரிவு ஏறி முடிக்கும்போது அந்தக் கால் முழங்காலுக்குக் கீழே மரத்துப்போயிருக்கும்.

"மாப்ளே, காலைக் கட்டிப் போட்டுட்டியா?" என்று ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டான் மச்சான். தினமும் கேட்கிற கேள்வி.

"கட்டியாச்சு மச்சான். நீ ஓரமா நில்லு."

மச்சான் இவன் மனைவிக்கு அண்ணன். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். பார்வை மங்கி லைசென்ஸ் போன பிறகு, வாளியும் துணியுமாக இந்தச் சரிவில் வண்டி துடைக்க வந்துவிட்டான். கம்பெனி அவனுக்குச் சம்பளம் தரவில்லை, டிரைவர்கள்தான் தங்கள் பையிலிருந்து கொடுத்தார்கள். அழுக்கு வண்டியோடு வாசலுக்கு வந்தால் கம்பெனி டிரைவரைத் திட்டும், ஆனால் வண்டி துடைக்கிற ஆளைக் கம்பெனிக்குத் தெரியாது. இந்த மாதிரி தெரியாமல் இருப்பது ஒரு பெரிய கலை.

மச்சான் பின்கண்ணாடியைத் துடைக்கப் போனான். இவனுக்கு அந்த வாசனை வந்தது. முடி கருகின மாதிரி, ரப்பர் கருகின மாதிரி. எல்லா டிரைவருக்கும் பழக்கமான வாசனைதான், வந்தால் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். இவனும் ஏற்றினான். டயலில் கியர் எண் மினுங்கியது. ஆக்சிலேட்டரை அழுத்தினான். எஞ்சின் உறுமியது, வண்டி ஏறவில்லை. வண்டியைப் பிடித்திருந்த ஏதோ ஒன்று கையை விட்டது. வண்டி பின்னால் போனது. பிறகு ஒரு சத்தம் கேட்டது, பெரிய சத்தம் கூட இல்லை. பிறகு வண்டி நின்றது.

இறங்கிப் பார்த்தான். இறங்கும்போது இடது கால் தரையில் பட்டதே தெரியவில்லை. இவன் வண்டிக்கும் பின்வண்டிக்கும் நடுவில் மச்சான் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருக்கிற விதம் சரியில்லை. வாளி கவிழ்ந்து சோப்புத் தண்ணீர் சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. பின்வண்டியை ஓட்டி வந்த டீச்சர், ஒரு காலத்தில் பாலர் பள்ளியில் வேலை பார்த்ததால் அந்தப் பெயர், கதவைத் திறந்து ஓடி வந்து, வண்டியைத் தள்ளுங்க, வண்டியைத் தள்ளுங்க என்று கத்தினாள். இவன் தள்ளினான். யாருடைய கையோ தள்ளுகிற மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே எலும்பு நொறுங்கிவிட்டது என்றார்கள். உள்ளே கம்பி வைக்க வேண்டும், பழையபடி நடப்பாரா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். இவன் கேட்டுக்கொண்டான். மச்சான் மனைவி அழுதாள், அதையும் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை வருகிறதா என்று தனக்குள்ளேயே ஒருமுறை தேடிப் பார்த்தான். வரவில்லை. நடைவழியில் பச்சைச் சாயம் அடித்த சுவரில் யாரோ நகத்தால் கீறியிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இவன் மனைவி வந்து பக்கத்தில் உட்காரவில்லை, எதிரே நின்றாள்.

"உண்மையைச் சொல்லுங்க. பிரேக் போட்டீங்களா இல்லையா?"

"போட்டேன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா?"

"தெரியல."

அவள் அண்ணன் இருக்கிற அறைக்குள் போய்விட்டாள். அந்த ஒரு நொடியில் வலது கால் எங்கே போனது, இடது கால் சீட்டுக்கு அடியில்தான் இருந்ததா, இல்லை பழைய புத்தியில் கிளச்சைத் தேடிக் கிளம்பி வலது காலுக்குக் குறுக்கே வந்ததா, எவ்வளவு யோசித்தும் இவனுக்குப் பிடிபடவில்லை. மரத்துப்போன காலிடம் சாட்சி கேட்டால் அது என்ன சொல்லும்?

மத்தியானம் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். பட்டறைக்கு மேலே அவருடைய கண்ணாடி அறை. கீழே நடக்கிற எல்லாம் அங்கிருந்து தெரியும், சத்தம் மட்டும் வராது. முதலாளி கத்துகிற ஆள் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கம்பெனிக்குப் பத்து வண்டி இருந்தபோது அவரும் ஒரு வண்டி ஓட்டியவர்தான், அதை ஆளுக்கு ஒருமுறை சொல்லாமல் விடமாட்டார். சொன்னார். பிறகு கேட்டார்.

"உன்னை எடதுகால்னு கூப்பிடறாங்களாமே, ஏன்?"

இவன் சொன்னான். பல்செட்டு வரைக்கும் விடாமல் சொன்னான். முதலாளி சிரிக்கவில்லை, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"பார்த்தியா. உன்மேல தப்பு சொல்லல. பழக்கம். கால் தப்பிடுச்சு."

"கியர் தானா விழுந்துச்சுங்க. எண்ணு மினுங்குச்சு, நியூட்ரலுக்குப் போயிடுச்சு."

"சரி, விழுந்துச்சுன்னே வச்சுக்கோ. பிரேக் எதுக்கு இருக்கு? உன் கால் பிரேக்ல இருந்துச்சா?"

கொடுத்த தண்ணீரை இவன் எடுத்துக் குடித்தான்.

முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "வண்டி மேல தப்புன்னா ரயில் ஸ்டேஷன்காரன் நாளைக்கே எல்லா வண்டியையும் வெளிய போகச் சொல்லுவான். எத்தனை வீட்டு அடுப்பு அணையும்னு யோசி. உன் கால் தப்புன்னா அது உன்னோட முடிஞ்சுது. நான் உன்னை வீட்டுக்கு அனுப்பப்போறதில்ல. கொஞ்ச நாள் கழிச்சு வேற வண்டி தர்றேன்."

"மச்சானுக்கு வைத்தியம்..."

"அவன் யாரு? நம்ம ஆளே இல்லையே. நிக்கக்கூடாத இடத்துல வந்து நின்னான். அவன் மேல நான் புகார் குடுக்காம இருக்கேன் பாரு, அதை நினைச்சுக்கோ."

கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. அடிபட்ட இடம் முதலில் மரத்துத்தான் போகும், வலி பிறகுதான் வரும். அந்த இடைவெளி முதலாளிமார்களுக்கு நன்றாகத் தெரியும், அதற்குள்தான் அவர்கள் பேசி முடிப்பார்கள்.

"சரிங்க, என் கால்தான்" என்றான் இவன்.

நாளைக்குக் காலையில் சரிவில் எல்லா டிரைவர்களுக்கும் முன்னால் இதையே ஒரு வார்த்தை சொல்லிவிடு, மற்றவர்களும் ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்று சொல்லி முதலாளி எழுந்து தோளைத் தட்டினார்.

கீழே பட்டறையில் இவனுடைய வண்டி தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. வண்டியில் இருந்த துண்டையும், மச்சானுடைய காலி வாளியையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று போனான். வாளியை யார் வண்டிக்குள் போட்டார்கள் என்று தெரியவில்லை, டீச்சராக இருக்கும். கியர்பெட்டியைக் கழற்றிக் கீழே இறக்கி வைத்திருந்தார் மெக்கானிக். கிளச் பிளேட் தரையில் சாக்கின் மேல் கிடந்தது. வட்டமாக, நீலம் பாரித்து, ஓரமெல்லாம் பொரிந்து போயிருந்தது. அந்த வாசனை இன்னும் அதிலிருந்து போகவில்லை.

மெக்கானிக் நல்ல மனிதர், பயந்த மனிதர். மூன்று பெண்களுக்குக் கல்யாணம் பண்ண வேண்டியவர். மேலே கண்ணாடி அறையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். கொதிப்பு அளவுக்கு மேலே போனால் வண்டி தானாகக் கியரை விட்டுவிடும், இது எல்லா டிரைவருக்கும் நடக்கிறதுதானே, சரிவில் விட்டால் பின்னால்தானே போகும் என்றார்.

"எல்லாருக்குமா?"

மெக்கானிக் மூலையைக் காட்டினார். அங்கே எண்ணெய்த் துணிக்கு அடியில் கருகின பிளேட்டுகள் குவிந்து கிடந்தன. ஒன்றிரண்டு இல்லை.

"ஒவ்வொருத்தரும் தனித்தனியா வந்தாங்க. மேல போயி, உன் கால்தான் தப்புன்னு திட்டு வாங்கிட்டுத் தனித்தனியா இறங்கிப் போனாங்க. வெளிய சொன்னா வெக்கம். சொன்னா வேலையும் போயிடும். நீ ஒருத்தன்தான்னு நினைச்சியா?"

இவன் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றான். நேரமாகிவிட்டது, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று மெக்கானிக் கையைத் துடைத்தார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பாமலே சொன்னார். "அந்த மூலையை நான் தினமும் பாக்கறதில்ல." போய்விட்டார். இவன் வாளியைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து அதைத் தூக்கியபோது கனமாக இருந்தது, கைப்பிடி விரலை அறுத்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மச்சான் விழித்திருந்தான். கால் மேலே தூக்கிக் கட்டப்பட்டிருந்தது, முகம் வெளுத்திருந்தது, வாய் மட்டும் எப்போதும்போல. வாடா மாப்ளே, என்னைத்தான் கட்டிப் போட்டுட்டாங்க என்றான். இவன் மனைவி ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. இவன் வாளியை வாசலோரம் வைத்துவிட்டு, முதலாளி சொன்னதையும் தான் ஒத்துக்கொண்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னான். பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான்.

மச்சான் தூக்கிக் கட்டியிருந்த தன் காலைப் பார்த்தான்.

"என் கால் போச்சு. உன் காலையும் அந்தாளுகிட்ட குடுத்துட்டு வந்திருக்கே."

"எனக்குத் தெரியலயே மச்சான். பிரேக் போட்டேனா இல்லையான்னு எனக்கே தெரியல."

"உனக்குத் தெரியாட்டி என்ன? பின்னால நின்னவன் நான். முதல்ல வண்டி சும்மா வந்துச்சு, லைட்டே இல்ல. நான் நகர்றதுக்குள்ள பளிச்சுன்னு செவப்பு எரிஞ்சுது. எரிஞ்சதும் வண்டி நின்னுடுச்சு. இல்லேன்னா இடுப்பு வரைக்கும் நசுங்கியிருப்பேன். கண்ணு மங்கினவன்தான், ஆனா மூக்குக்கு முன்னால எரிஞ்ச பிரேக் லைட்டு தெரியாமப் போயிடுமா?"

இவன் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஜன்னல் பக்கம் நின்ற மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. சந்தோஷமும் வரவில்லை. தூக்கம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான்.

மறுநாள் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மனைவி வாளியைக் கையில் எடுத்துக் கொடுத்தாள். அங்கே போய் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள், "தெரியலன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

சரிவில் அன்றைக்கு ஓர் அதிசயம் நடந்திருந்தது. எல்லா வண்டியும் நின்றுகொண்டிருந்தது, நிஜமாகவே. முதலாளி பேச வருகிறார் என்பதால் கொஞ்ச நேரத்துக்குப் புள்ளியை நிறுத்தி வைத்திருந்தார்கள். கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு டிரைவர்கள் இறங்கிச் சுவரோரம் சாய்ந்திருந்தார்கள். எஞ்சின்கள் சும்மா ஓடிக்கொண்டிருந்தன. நேற்று மச்சான் விழுந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. யாரும் அதை மிதிக்காமல் தள்ளி நின்றார்கள்.

முதலாளி மேலேயிருந்து இறங்கி வந்தார். நடந்தது வருத்தமான விஷயம் என்று ஆரம்பித்தார், நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று முடித்தார். பிறகு இவனைப் பார்த்து, சொல்லுப்பா என்றார்.

இவன் முன்னால் வந்தான். கூட்டத்தில் பேசி அறியாதவன். இத்தனை பேர் முகத்தையும் ஒன்றாகப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது என்பது அப்போதுதான் தெரிந்தது. தினமும் ஒருவன் இன்னொருவனின் பின்கண்ணாடியைத்தான் பார்க்கிறான்.

"நேத்து முதலாளிகிட்ட என் கால்தான் தப்புன்னு சொன்னேன். பொய் சொன்னேன்."

வாளியைச் சரித்தான். பிளேட்டுகள் சிமெண்டில் விழுந்து உருண்டன. ஒன்று சரிவில் ஓடிப்போய்ச் சுவரில் மோதி நின்றது.

"இதுல ஒண்ணு என்னுது. மத்ததெல்லாம் யாரோடதுன்னு எனக்குத் தெரியாது."

முதலாளி பிளேட்டுகளைப் பார்த்தார், பட்டறை இருக்கிற திசையைப் பார்த்தார். இவனுக்கு ஒரு நொடி, காரியம் கெட்டுவிட்டது, தனியாக நிற்கிறோம் என்று தோன்றியது. அப்போது டீச்சர் சுவரை விட்டு வந்து குனிந்து ஒரு பிளேட்டை எடுத்தாள்.

"இது என்னோடது. போன மழையில. வண்டி பின்னால போயி சுவத்துல இடிச்சுது. கண்ணாடியைப் பாத்துப் பவுடர் போட்டிருப்பேன்னு முதலாளி சொன்னாரு. வீட்டுல கூட நான் சொல்லல."

அப்புறம் யாரும் யாரையும் எதிர்பார்க்கவில்லை. ஆளாளுக்கு வந்து எடுத்தார்கள். எது யாருடையது என்று யாருக்குத் தெரியும், கைக்கு வந்ததை எடுத்தார்கள். எனக்கு மூணு தடவை கியர் விழுந்தது என்றார் ஒருவர். நான் கண் அசந்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார் இன்னொருவர், அன்று கைப்பிரேக் போட்டு வரிசை இழந்தவர் அவர்தான். பிளேட் கிடைக்காத ஒருவர் வெறும் கையோடு வந்து, என்னுது இன்னும் வண்டிக்குள்ளதான் இருக்கு, கருகிட்டு இருக்கு என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள்.

"சரி, குறையெல்லாம் அப்புறம் பேசலாம்" என்றார் முதலாளி. குரல் இன்னும் உயரவில்லை. "ரயில் வர்ற நேரம். புள்ளியை ஓட விடச் சொல்லிட்டேன். வண்டியில ஏறுங்க."

டீச்சர் நகரவில்லை. "நீங்க பேசறதுக்குன்னா இந்தச் சரிவுல வண்டி நிக்கலாம். வண்டி கருகினா நிக்கக்கூடாது. அப்படித்தானே முதலாளி?"

"நின்னா வரிசை போயிடும்மா. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"போகட்டும். எல்லாரும் ஒண்ணா நின்னா யாரு முன்னால, யாரு பின்னால?"

சொல்லிவிட்டு அவள் தன் வண்டிக்குள் கையை விட்டுச் சாவியைத் திருகினாள். எஞ்சின் அணைந்தது. அடுத்த வண்டியும் அணைந்தது. அதற்கடுத்தது கொஞ்சம் தயங்கியது. அந்த டிரைவருக்கு வீட்டில் கைக்குழந்தை, போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அதுவும் அணைந்தது. அடித்தளம் வரைக்கும் ஒவ்வொன்றாகச் சத்தம் நின்று, கடைசியில் அந்தச் சரிவில் யாரும் கேட்டறியாத ஓர் அமைதி வந்தது. மேலே ரயில் வந்து நிற்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

போன்களில் புள்ளிகள் வரிசையாக மஞ்சளாயின. முதல் சவாரி வந்து முதல் வண்டியின் போனில் மணி அடித்தது. ஓய்வு என்று அதைத் தாண்டி அடுத்த போனுக்குப் போனது, அதுவும் ஓய்வு, அதற்கடுத்ததும் ஓய்வு. மணி ஒவ்வொரு வண்டியாகத் தொட்டுக்கொண்டு சரிவின் அடி வரைக்கும் இறங்கிப் போனது. போக இடமில்லாமல் மறுபடியும் முதல் வண்டிக்கே வந்து அடித்தது. அதைக் கேட்டுக்கொண்டு எல்லாரும் சும்மா நின்றார்கள்.

இடதுகாலுக்கு நிறுத்த வண்டி இல்லை. அவன் வண்டி பட்டறையில் பிரித்துப் போட்டுக் கிடந்தது. என்ன செய்வது என்று சுற்றுமுற்றும் பார்த்தான். அடித்தள மூலையில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த செங்கல் குவியல் கண்ணில் பட்டது. இந்த வண்டிகளில் எஞ்சினை அணைத்துவிட்டால் கைப்பிரேக் ஒன்றுதான் பிடி, எல்லாம் தேய்ந்த வண்டிகள் வேறு. அவன் வாளி நிறையச் செங்கல் எடுத்து வந்து, ஒவ்வொரு வண்டியாகப் பின்சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க ஆரம்பித்தான். குனிந்து, நிமிர்ந்து, ஏறி, இறங்கி. வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. பாதிச் சரிவு ஏறியபோது இடது காலில் ஊசி ஊசியாகக் குத்தத் தொடங்கியது. பிறகு அது நெஞ்சு வரைக்கும் ஏறியது. ஒரு வண்டிக்குப் பின்னால் குனிந்தவன் அப்படியே சக்கரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். நேற்றிலிருந்து சேர்த்து அழுதான். அந்த வண்டியின் டிரைவர் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வாளியை வாங்கிக்கொண்டு போய் அடுத்த சக்கரத்துக்குச் செங்கல் வைத்தார்.

மேலே பேச்சு சூடாகியிருந்தது. முதலாளியின் குரல் அன்றைக்குத்தான் முதல்முறையாக உயர்ந்தது.

"ஸ்டேஷன்காரன் கேட்டா நான் என்ன பதில் சொல்றது? வேற டிரைவரே கிடைக்கமாட்டாங்கன்னு நினைப்பா?"

"கிடைப்பாங்க முதலாளி" என்றாள் டீச்சர். "அவங்களுக்கும் இதே வண்டியைத்தானே குடுப்பீங்க?"

"இப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?"

அதை யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனாலும் பதில் வந்தது, நாலு பக்கத்திலிருந்தும் வந்தது. சரிவில் வண்டி நிற்கலாம் என்று சொல்ல வேண்டும். காத்திருக்கிற நேரமும் வேலை நேரம்தான். கருகின பிளேட்டை டிரைவர் காலில் கட்டக்கூடாது. இடதுகால் அதற்குள் மேலே ஏறி வந்திருந்தான். முகமெல்லாம் செங்கல் தூசி.

"என் மச்சான் உங்க ஆள்தான்னு சொல்லணும்" என்றான். "உங்க வண்டியைத் துடைக்கும்போது உங்க வண்டிதான் அவன் காலை நசுக்குச்சு. சொல்ற வரைக்கும் இந்தச் செங்கல்லை எடுக்கமாட்டோம்."

எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று நானும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு முதலாளி மேலே போய்விட்டார். வாசலில் பெட்டி படுக்கையோடு பயணிகள் சேர்ந்துவிட்டார்கள். சிலர் திட்டினார்கள். நிலையத்துக் காவலர்கள் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு யாருக்கோ போன் பேசினார்கள். மத்தியானத்துக்குள் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. கைக்குழந்தைக்காரர் சாவியை விரலில் சுற்றிச் சுற்றிக் கீழே போட்டார், எடுத்தார், மறுபடியும் போட்டார். ஆனாலும் வண்டிப் பக்கம் போகவில்லை.

மச்சானுக்கு யாராவது சொன்னீர்களா என்று டீச்சர் கேட்டாள். இவன் மனைவிக்குப் போன் போட்டான். அவள் போனை அண்ணன் காதில் வைத்தாள்.

"என்ன மாப்ளே, சத்தமே காணோம்? சரிவுலதான் இருக்கியா?"

"சரிவுலதான் மச்சான். எல்லா வண்டியும் நிக்குது."

"நிக்குதா? பிரேக் லைட்டு எரியுதா?"

"இல்ல. எல்லாம் கைப்பிரேக்ல நிக்குது. செங்கல்லும் வச்சிருக்கேன்."

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது.

"பின்னால யாராவது நிக்கிறாங்களா பாரு."

இவன் சுற்றிப் பார்த்தான். அவன் நின்றது இரண்டு வண்டிகளுக்கு நடுவில், வெள்ளைக்கறை படிந்த அந்த இடத்துக்குப் பக்கத்தில். மேலே சரிவு முழுக்க வண்டிகளின் எடை அவனைப் பார்த்து நின்றது. இரண்டு காலும் தரையில் இருப்பது நன்றாகத் தெரிந்தது, இடது கால் இன்னும் வலித்தது.

"நான்தான் மச்சான் நிக்கிறேன்" என்றான். "ஒண்ணும் பின்னால வராது. நீ தூங்கு."